நியாயமான வண்டி

இந்த வண்டியைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை. வெள்ளை நிறம், நாலு கதவு, பின்னால் தனியாக ஒரு டிக்கி. கல்யாணத்துக்குக் கிளம்புகிற குடும்பத்தின் பைகள் அத்தனையும் அதில் அடங்கும். பின் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம், நடுவில் யார் உட்காருவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை வரும். இதையே எத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒரு வண்டி, மாதம் ஒரு பக்கம், கீழே ஞானசேகரன் என்று என் பேர், பக்கத்தில் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்துப் படம். வேகமாக ஓடுகிற வண்டி, காட்டில் ஏறுகிற பெரிய வண்டி எல்லாவற்றுக்கும் பத்திரிகையில் இளவட்டங்கள் இருக்கிறார்கள். எனக்கு வருவதெல்லாம் இந்த மாதிரி நியாயமான வண்டிகள்தான், யாரும் ஆசைப்பட்டு வாங்காத, வாங்கியபின் யாரும் வருத்தப்படாத வண்டிகள். படிக்கிற ஜனங்களும் ஒன்றையேதான் கேட்கிறார்கள், லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும் என்று, ஏதோ சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்கள் மாதிரி. எனக்கென்று இருக்கிற ஒரே அடையாளம் வெறுங்காலோடு ஓட்டிப் பார்ப்பது. புது வண்டிக்குள் செருப்போடு ஏறக்கூடாது என்று நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு மரியாதை உண்டு. பூஜை போட்ட வண்டிக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு ஏறுவார்கள், ஒரு மாதம் போனால் அதெல்லாம் மறந்துபோகும். எனக்கு மட்டும் மறக்கவில்லை, அதுவே தொழிலாகிவிட்டது. பாதம் நேராகப் பெடலில் பட்டால் போதும், வண்டியின் வயிற்றில் இருப்பதெல்லாம் மேலே வந்துவிடும். பிரேக் தட்டு துளி கோணியிருந்தாலும் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு நடுக்கம் வரும். கிளட்ச் தேய்ந்திருந்தால் குதிகாலுக்குத் தெரியும். ஞானசேகரன் காலால் பார்த்துவிட்டார் என்றால் மெக்கானிக் பார்க்கத் தேவையில்லை என்று இந்தக் கோயமுத்தூரில் ஒரு பேச்சு உண்டு, அந்தப் பேச்சில்தான் நானும் இத்தனை காலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்னைத் தேடி வருவதும் அதனால்தான். இன்றைக்கு சிங்காநல்லூரில் பழைய வண்டி விற்கிற ஒரு கார் கன்சல்டிங் வாசலில் நான் குனிந்து செருப்பின் வாரைப் பிரிக்கும்போதே புரோக்கர் சபாபதி பேச ஆரம்பித்துவிட்டார், நிமிர்ந்து பதில் சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே அலுப்பாக இருந்தது.

சபாபதி பின் சீட்டில் உட்கார்ந்து இன்னும் பேசிக்கொண்டுதான் வருகிறார். சிங்கிள் ஓனர், லேடி டாக்டர் ஓட்டின வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தவிர எங்கேயும் போனதில்லை. தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருகிற பழைய வண்டிகளைக் கணக்கில் எடுத்தால் லேடி டாக்டர்களைத் தவிர வேறு யாரும் கார் ஓட்டியதாகவே தெரியாது. மனுஷன் பொய்யன் இல்லை, பேச்சு நின்றால் யாவாரம் நின்றுவிடும் என்ற பயம், அவ்வளவுதான். என் பக்கத்து சீட்டில் பூங்கோதை டீச்சர். மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கையும். வால்பாறை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. மறுத்தால் இனி எப்போது வரும் என்று தெரியாது. வீட்டுக்காரர் உடுமலைப் பக்கம் நூல் மில்லில் ஷிப்டு வேலை, அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வாரக் கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு இந்த அம்மாதான் மலை இறங்க வேண்டும், திங்கள் காலை மலை ஏற வேண்டும். ஆழியாறு அணைக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் மூடுபனி, வளைவில் திடீரென்று எதிரே வந்து நிற்கிற பஸ். சார், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், ஏசி இல்லேன்னாக்கூடப் பரவால்ல, பிரேக் மட்டும் நீங்க பாத்துச் சொல்லிருங்க, என்று போனிலேயே சொன்னார். இவ்வளவு தெளிவாகக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. காலையில் இதே மாடலில் புது வண்டி ஒன்றை ஷோரூமில் ஓட்டிப் பார்த்தோம். வேறு யாரோ வேண்டாம் என்று விட்ட வண்டி, கையில் தயாராக இருந்தது, அதை விட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நான் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, பிரேக் மந்தமாக இருக்கிறது, மலைக்கு ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன் என்றேன். அந்த இடத்திலேயே டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஷோரூம் பையன் என்னை ஏறிட்டுப் பார்த்தான், பார்க்கட்டும். பிறகு மதியச் சாப்பாட்டுக்குமேல் இந்தப் பழைய வண்டியைப் பார்க்க வந்தோம். பள்ளிக்கூடம் அடுத்த வாரம் திறக்கிறது.

திருச்சி ரோட்டில் மூன்று மணி வெயில் கண்ணாடியில் அடிக்கிறது. ஒண்டிப்புதூர் தாண்டி சூலூர் வரை போய்த் திரும்புவது என் வழக்கமான பாதை. கடைத்தெரு நெரிசல் உண்டு, ஒரு பாலம் ஏறி இறங்கலாம், அப்புறம் கொஞ்சம் வேகம் எடுக்கலாம், நியாயமான வண்டிக்கு அதற்குமேல் பரீட்சை வேண்டியதில்லை. கிளம்பும்முன் கதவு ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தேன், மறுபடி பெயின்ட் அடித்த சொரசொரப்பு இல்லை. டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் முகர்ந்து பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் எத்தனை வாசனைத் திரவியம் அடித்தாலும் அந்த இடத்தில் ஒரு ஈரச் சாக்கு நாற்றம் மிச்சமிருக்கும், இதில் இல்லை. இன்ஜின் சத்தம் சீராக இருக்கிறது. ஸ்டியரிங் நேராக நிற்கிறது. இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளை அப்படித்தான். இருக்கை உயரம் டீச்சருக்குச் சரியாக இருக்கும், முன்கண்ணாடி ஓரத்துக் கம்பம் வளைவில் ரோட்டைக் கொஞ்சம் மறைக்கும், சொல்ல வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இந்தப் பிரேக். அமுக்குகிறேன், வண்டி நிற்கிறது, அதில் குறையில்லை, ஆனால் கால் அமுக்குவதற்கும் வண்டி நிற்பதற்கும் நடுவில் எதுவும் இல்லை. தலையணையை மிதிப்பது போல. எங்கே தொடங்குகிறது, எங்கே பிடிக்கிறது, எதையும் பெடல் சொல்லமாட்டேன் என்கிறது. காலையில் அந்தப் புது வண்டியும் இப்படித்தான். அப்படியானால் இந்த மாடலுக்கே இந்தக் குணம் என்று எழுதிவிடலாம், புதிது வாங்குகிறவர்களும் பழையது வாங்குகிறவர்களும் கவனிக்க என்று ஒரு வரி. ஆனால் போன மாதம் வந்தது வேறு கம்பெனி, அதற்கும் பிரேக் மந்தம் என்றுதான் எழுதினேன். அதற்கு முந்தினது? அதற்கும். அதற்கும் முந்தின சின்ன வண்டி, அதற்கும். இப்போதெல்லாம் எல்லாக் கம்பெனிக்காரனும் பஞ்சு வைத்துப் பெடல் செய்கிறான், காலுக்கு நோகாமல் இருக்கட்டும் என்று, ஜனங்களும் சொகுசாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள், இதுதான் காலம். பத்திரிகை ஆசிரியர்கூட போன தடவை சிரித்தார், ஞானசேகரன் சார், உங்களுக்கு எந்த வண்டியோட பிரேக்கும் பிடிக்கிறதே இல்லையே, என்று. நானும் சிரித்தேன். பிடிக்கிறதே இல்லையே என்று அவர் சொன்னது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. மறுபடி அமுக்கிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. முன்னால் போன பால் வண்டிக்காரன் கையைக் காட்டாமல் திரும்புகிறான், நிறுத்துகிறேன், வண்டி நிற்கிறது, சபாபதி பால் வண்டிக்காரனின் பரம்பரையைத் திட்டுகிறார்.

ஒரு தடவை மங்கையும் நானும் பேரூர் கோயிலுக்குப் போயிருந்தோம். மங்கையர்க்கரசி என்று முழுசாகக் கூப்பிட்டால் என் மனைவிக்குப் பிடிக்காது. உச்சி வெயில், சித்திரை மாதம். பிரகாரத்துக் கல் கொதிக்கிறது, தண்ணீர் ஊற்றிய இடமெல்லாம் காய்ந்துவிட்டது. ஜனங்கள் குதிகாலால் குதித்துக் குதித்து ஓடுகிறார்கள், மங்கை என் கையை விட்டுவிட்டு நிழலுக்கு ஓடிவிட்டாள். நான் மட்டும் மெதுவாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தேன். காலமெல்லாம் வெறுங்காலில் பெடல் மிதித்த பாதம், இதுக்கெல்லாம் அசருமா என்று அவளிடம் பெருமை அடித்தேன். வீட்டுக்கு வந்து என்னை உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள், பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் வந்து உடைந்திருந்தது, அது எனக்குத் தெரியவே இல்லை. உங்களுக்கு எரியலையா என்று கேட்டாள். எரியவில்லை. தோல் தடித்துப்போயிருக்கும் என்று நான் சொன்னேன், அப்படித்தான் நானும் நம்பினேன், நம்புவதற்கு வசதியாக இருந்தது. அப்புறம்தான் இந்த மெத்துச் செருப்பு, பின்னால் வார் வைத்தது, சுகர்காரர்கள் போடுவது, அவளே போய் வாங்கி வந்தாள். டாக்டரும் காலுக்கு ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார், கண்ணை மூடிக்கொண்டு படுத்தால் ஒரு நூல் மாதிரி எதையோ வைத்துத் தொட்டுப் பார்ப்பார்களாம், தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்பார்களாம். அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர், வாத்தியாராக இருந்தவர், அவருக்கும் சுகர், முதலில் கால் சுண்டுவிரலை எடுத்தார்கள், அப்புறம் பாதி பாதத்தை எடுத்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவார், அவர் சிரிப்பதைப் பார்க்கமுடியாமல் நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். எதற்கு இப்போது இதெல்லாம். வண்டியைப் பார். வண்டிக்குத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிளட்ச் எப்படி இருக்கிறது. இடது காலுக்கு ஏதோ கொஞ்சம் தெரிகிறது, தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி. வலது காலுக்கு அதுவும் இல்லை.

ஒண்டிப்புதூர் பாலத்தின் இறக்கம். இங்கேதான் எப்போதும் பிரேக்கை ஒழுங்காகப் பார்ப்பேன். பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, மூன்றாவது கியரில் இறங்கவிட்டு, பாதி அமுக்கம், பிறகு முக்கால். இப்போது பின்னால் யாரும் இல்லை. சொல்லிவிட்டுத்தான் செய்வேன், ரெண்டு பேரும் பிடிச்சுக்குங்க என்றேன். லேசாக அமுக்கினேன். லேசாகத்தான் அமுக்கினேன், சத்தியமாக. வண்டி சுவரில் மோதியது மாதிரி நின்றது. சபாபதியின் நெற்றி என் சீட்டில் இடித்தது, டீச்சரின் கைப்பை கீழே விழுந்து பேனா, கண்ணாடிக் கூடு, பிள்ளைக்கு வாங்கிய கடலை மிட்டாய் எல்லாம் சிதறியது. ரப்பர் கருகிய வாசனை. இன்ஜின் அணைந்துவிட்டது. சபாபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, பாத்தீங்களா மேடம், பிரேக்குன்னா இது, என்று தொழிலை விடாமல் சொன்னார். டீச்சர் குனிந்து என் காலடிப் பக்கம் உருண்டுபோன கடலை மிட்டாயை எடுத்தார். நிமிரும்போது ரொம்ப மரியாதையாக, வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார்:

“சார், நானும் கெளம்புனதுல இருந்து கேக்கணும்னு இருந்தேனுங்க. ஒரு கால்ல மட்டும் செருப்புப் போட்டு ஓட்டிப் பாக்கறது எதுக்குங்க?”

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்கால். வலது காலில் செருப்பு, பின்வார் போட்டபடியே இருக்கிறது. இறுக்கமாக, பொருத்தமாக, பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளைக்கு மாட்டிவிட்ட மாதிரி. சிங்காநல்லூரில் இருந்து இதுவரை, அத்தனை நெரிசலிலும், அத்தனை தடவை அமுக்கி அமுக்கிப் பார்த்தபோதும், பாதத்துக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு விரற்கடை தடிமனுக்கு மெத்தை இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வெறுங்கால் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காலையில்? காலையில் ஷோரூமில் இரண்டையும் கழற்றினேனா? கழற்றினேன், அங்கே பளிங்குத் தரையில் ஜோடியாகக் கிடந்ததைப் பார்த்தேன். அப்படியென்றால் காலையில் உண்மையிலேயே வெறுங்கால், இப்போது செருப்புக்கால், இரண்டும் எனக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடிக்கிறது. வண்டியைக் கிளப்புகிறேன். பதில் சொல்ல வேண்டுமே என்று வாய் தானாகத் திறந்து, அது ஒரு முறை டீச்சர், ஒரு கால் செருப்போட, ஒரு கால் இல்லாம, வித்தியாசம் தெரியும், என்று சொல்கிறது. என் வாய்தான், என் குரல்தான், ஐம்பத்தெட்டு வயசு ஆளின் நிதானமான குரல். சபாபதி உடனே பிடித்துக்கொள்கிறார், அனுபவம் மேடம் அனுபவம், இதெல்லாம் படிச்சு வராது. டீச்சர் தலையை ஆட்டுகிறார். நம்பிவிட்டார். காலையிலும் இப்படித்தான் தலையை ஆட்டினார். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருக்கிறது, இத்தனை வயசுக்குமேல் ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அழ முடியுமா. ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன், வலது கால் எங்கே இருக்கிறது என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது, ஒரு தடவை குனிந்து நிமிர்வதற்குள் முன்னால் போகிற ஸ்கூட்டர் பக்கத்தில் வந்துவிட்டது, அதில் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள், அவள் பூப்போட்ட சேலையின் நிறம்கூடத் தெரிகிற தூரம், நான் இத்தனை நாள் எப்படி ஓட்டினேன்.

சூலூர் குளத்தங்கரைப் பக்கம் ஓரம்கட்டினேன். தண்ணீர் குடிக்க என்று சொல்லி இறங்கினேன். புளியமர நிழலில் ரோடு போடக் கொட்டிய ஜல்லி கொஞ்சம் கிடந்தது. வலது செருப்பின் வாரைப் பிரித்துக் கழற்றிவிட்டு, அவர்கள் பார்க்காத பக்கமாகத் திரும்பி, அந்த ஜல்லிமேல் ஏறி நின்றேன். கூரான கற்கள். கண்ணை மூடிக்கொண்டேன். எங்கோ கீழே ஏதோ இருக்கிறது என்பது முழங்காலுக்குத் தெரிகிறது, இடுப்புக்குத் தெரிகிறது, பாதத்துக்குத் தெரியவில்லை. சரி. நல்லது. இப்போது என்ன சொல்வது என்று மட்டும் யோசி. பிரேக் பேட் மாற்றிவிட்டு எடுத்துக்குங்க டீச்சர் என்று சொல்லிவிடலாம், அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, யோக்கியமான அறிவுரை மாதிரியே இருக்கும், பேரும் கெடாது. பேட் தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று நீ பார்த்தாயா? பார்க்கவில்லை. பிரேக் அருமை, தாராளமாக எடுத்துக்குங்க என்று சொல்லலாம், பாலத்தில் அப்படி நின்றதே. ஆனால் அது நான் எவ்வளவு அமுக்கியதால் நின்றது? முழு பலத்தோடு மிதித்தால் எந்த ஓட்டை வண்டியும் நிற்கும். இறக்கத்தில், வளைவுக்கு வளைவு பாதி பாதியாக அமுக்கிக்கொண்டே வரும்போது, பிரேக் தட்டு சூடேறி, பெடல் கீழே கீழே போகுமா போகாதா, அதைத்தான் இந்த அம்மா என்னிடம் கேட்டது, அதைத்தான் என் கால் சொல்லும் என்று ஊரே நம்புகிறது. அந்தப் பிள்ளை பின் சீட்டில் உட்கார்ந்து கடலை மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டு வரும். எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருப்பேன் இந்த ஒரு வருஷத்தில். நல்ல வண்டிகளை வேண்டாம் என்றதெல்லாம் போகட்டும், நல்லது என்று சொன்ன வண்டிகள் எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த எண்ணத்தில் நிற்க முடியவில்லை, ஜல்லியிலிருந்து இறங்கினேன். பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு கல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, அதைச் சுற்றித் துளி ரத்தம். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, திரும்பும்போது டீச்சர் ஓட்டட்டும் என்றேன். சபாபதி திகைத்தார். நான் எந்தக் காலத்திலும் பரீட்சை நடுவில் ஸ்டியரிங்கை விட்டுக்கொடுத்ததில்லை.

டீச்சர் நன்றாகவே ஓட்டினார். கொஞ்சம் பயம் இருந்தது, அந்தப் பயம் நல்லது. சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டார், கண்ணாடியைச் சரிசெய்தார், யாரும் சொல்லாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் இடது பக்கம் உட்கார்ந்து இந்தத் திருச்சி ரோட்டை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன், கல்யாண மண்டபங்கள், டயர் கடைகள், மூடிக்கிடக்கிற மில் சுவர்கள். பாலத்துக்கு முந்தி ஆளில்லாத இடத்தில், மெதுவாக அமுக்குங்க, எங்க பிடிக்குதுன்னு சொல்லுங்க என்றேன். அமுக்கினார். ஆரம்பத்துலயே பிடிக்குதுங்க என்றார். இன்னொரு தடவை. பாதியிலேயே நல்லாப் பிடிக்குதுங்க, முழுசா அமுக்க வேண்டியதே இல்லைங்க சார். இன்னும் நாலைந்து தடவை அமுக்கச் சொன்னேன், அடுத்தடுத்து, மலை இறக்கம் மாதிரி நினைத்துக்கொண்டு. பெடல் எறங்குதா? இல்லைங்க. நடுக்கம் ஏதாச்சும்? இல்லைங்க. அவர் சொன்னதையெல்லாம் நான் காதால் கேட்டுக்கொண்டேன், டாக்டரிடம் படுத்துக்கொண்டு தெரிகிறதா என்று கேட்கப்பட வேண்டிய ஆள் நானாக இருக்க, இங்கே கேட்கிற ஆளும் நானாக இருந்தேன். பாலம் ஏறி இறங்கி ஒண்டிப்புதூர் சிக்னலில் நின்றபோது டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து, அப்ப வாங்கலாங்களா சார் என்று கேட்டார். சபாபதி பின்னாலிருந்து முன்னால் குனிந்தார். ஒரு ஆமாம் போதும். இரண்டு பேரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். சொல்லியிருந்தால் அது பொய்யாகக்கூட இருந்திருக்காது.

“எனக்குக் கால் மரத்துப்போச்சு டீச்சர்,” என்றேன். “செருப்பு முறையெல்லாம் கெடையாது. அது கால்ல இருந்ததே எனக்குத் தெரியல. இந்தப் பிரேக்கும் எனக்குத் தெரியல. காலைல பாத்ததும் தெரியாமத்தான் சொன்னேன்.”

சிக்னல் விழுந்துவிட்டது, பின்னால் ஹார்ன் அடித்தார்கள், டீச்சர் வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. முதல் கியர், இரண்டாவது கியர் முரண்டு பிடித்து விழுந்தது. கோபம் இருந்தால் திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் பட்டது. கடைசியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அந்தப் புது வண்டியை வேற ஆளுக்கு எழுதிட்டாங்களாம் சார், நாம சாப்பிடறப்பவே போன் வந்துச்சு. கொஞ்சம் பொறுத்து, டாக்டரப் பாத்தீங்களா என்று கேட்டார். பார்க்கணும் என்றேன். எங்க அப்பாவுக்கும் சுகர்தாங்க என்று மட்டும் சொன்னார், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சபாபதி இத்தனை நேரத்தில் முதல் தடவையாகப் பேசாமல் வந்தார், அந்த மௌனம் எனக்கு அவர் பேச்சைவிடத் தாங்கமுடியாமல் இருந்தது. சிங்காநல்லூர் வந்து, கன்சல்டிங் வாசலில் வண்டியை ஒரே அமுக்கில் அழகாக நிறுத்திவிட்டு, டீச்சர் சாவியைத் திருப்பினார்.

“இது பிடிக்குதுங்க சார். எனக்கே தெரியுது,” என்றார். “ஆழியாறுக்கு மேல நாந்தான அமுக்கப் போறேன்.”

இருந்தாலும் யாராவது நல்ல மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கி நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று எடுக்காதீர்கள் என்றேன். சரிங்க என்றார். எனக்குத் தரவேண்டியதைத் தர கைப்பையைத் திறந்தார், நான் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன், அவரும் புரிந்துகொண்டு கைப்பையை மூடிக்கொண்டார். சார் எப்படிப் போவீங்க, உங்க வண்டி நிக்குதே என்று கேட்டார். வாசலுக்கு வெளியே வேலி ஓரமாக என் பழைய வண்டி நின்றுகொண்டிருந்தது, காலையில் நானே ஓட்டிக்கொண்டு வந்தது, வீட்டிலிருந்து ஷோரூம், ஷோரூமிலிருந்து இங்கே, சாயங்கால நெரிசலில் அதே ரோட்டில் நான் இனி எப்படிப் போவது. ஆட்டோவில் போய்விடுவேன் என்றேன். டீச்சர் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மங்கையிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, அவளுக்குத் தெரியாததையா சொல்லப் போகிறேன். இந்த மாதத்துப் பக்கத்தை யார் எழுதுவார்கள். எழுதட்டும், யாராவது. ரொம்ப அலுப்பாக இருந்தது, உட்கார வேண்டும் போல இருந்தது, ஆனால் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து என் வண்டிச் சாவியை எடுத்து சபாபதியிடம் நீட்டினேன். இதை வித்துக் குடுத்துருங்க என்றேன். அவர் சாவியை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார், அவசரப்படாதீங்க சார், மருந்து மாத்திரையில சரியாப் போகும், வீட்ல ஒரு வார்த்த கேட்டுக்குங்க என்றெல்லாம் சொன்னார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அப்புறம் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டவர் என் வண்டிப் பக்கம் நடந்தார், கதவு ஓரத்தை விரலால் தடவினார், பானெட்டை விரல் மடக்கித் தட்டினார், ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், தொழில் பழக்கம், அவரால் அதை நிறுத்த முடியாது. சுற்றி வந்து நின்று, தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்.

“பிரேக்கெல்லாம் எப்படிங்க சார்?”

கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டார். பரவாயில்லை சபாபதி, கேட்க வேண்டியதுதானே.

“நல்லாத்தான் இருக்கும்,” என்றேன். “பிடிக்கல, பிடிக்கலன்னு இந்த ஒரு வருஷத்துல ரெண்டு தடவ பேட் மாத்தியிருக்கேன்.”